ஆலோசகர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்? மேற்பார்வை நிகழ்வு ஆய்வு ஒன்று

இந்த ஆய்வில் வரும் தம்பதி கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஊர், தொழில், கடன் தொகை, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இதே மாதிரிச் சிக்கலோடு வந்த வேறு சில குடும்பங்களின் விவரங்களையும் கலந்திருக்கிறேன். நம் மாவட்டத்தில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவில் ஒருவருடைய வீட்டுப் பெயரும் விளையின் பெயரும் காதில் விழுந்தால், பேருந்தில் பக்கத்தில் இருப்பவரே இன்னாருடைய மருமகள் என்று சொல்லிவிடுவார்.

ஆய்வின் மையத்தில் இருப்பவர் அந்தத் தம்பதியோடு வேலை செய்த இளம் ஆலோசகர். மருத்துவ, மனநலச் சமூகப்பணியில் முதுகலை முடித்தவர். வயது இருபதுகளின் நடுவில். திருமணம் ஆகவில்லை. ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் நடத்தும் அமர்வுகளை அவரோடு சேர்ந்து பார்த்து வழிகாட்டும் மேற்பார்வையாளர் நான். எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். வரைவைப் படித்து இரண்டு இடங்களைத் திருத்தியும் கொடுத்தார்.

இந்தியாவில் திருமண, குடும்ப சிகிச்சையாளருக்கென்று தனி உரிமம் இல்லை. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின்கீழ் பதிவு செய்கிறார்கள். ஆலோசகர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம் 2021இல்தான் வந்தது. நடைமுறையில், பட்டம் வாங்கிய கையோடு ஒரு பெண்ணும் ஆணும் சண்டையிட்டுக்கொண்டு உள்ளே வரும் அறையில் தனியாக உட்காரவேண்டிய நிலையில்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேற்பார்வை ஒரு சலுகையாகக் கிடைக்கக்கூடாது. வேலை நேரத்தின் ஒரு பகுதியாகவே அது இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வந்த கேஸ்

மனைவிக்கு முப்பதைத் தாண்டிய வயது. கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு. ஒரு பையன், முதல் வகுப்பு. கல்யாணத்துக்குப் போட்ட நகையில் பெரும்பகுதியை அடகு வைத்துத்தான் அவர் விசா எடுத்தார். நகை இன்னும் மீளவில்லை. மாதச் சம்பளம் மாமியாரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. புதுவீட்டு வேலை லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.

இந்த முறை விடுப்பில் வந்த சில நாட்களிலேயே பெரிய சண்டை. மனைவி பையனோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். இரு குடும்பத்துக்கும் வேண்டப்பட்ட சபை மூப்பர் ஒருவர் மையத்துக்கு அனுப்பிவைத்தார். மனைவியின் மனக்குறை: செலவுக்குப் பத்து ரூபாய் வேண்டுமென்றாலும் மாமியாரிடம் கைநீட்ட வேண்டும். கணவரின் மனக்குறை: கூப்பிடும்போதெல்லாம் லைன் பிஸி, ராத்திரி பதினொரு மணிக்கும் வாட்ஸப்பில் ஆன்லைனில் இருக்கிறாள்.

அறிக்கையும் ஒலிப்பதிவும்

இளம் ஆலோசகர் எழுதிவந்த முதல் அறிக்கை நன்றாகவே இருந்தது. மனைவியின் கதை மூன்று பக்கம். அவருடைய படிப்பு, கைவிட்ட தையல் வேலை, மாமியார் சமையலறையில் சொன்ன சொற்கள் வரை இருந்தன. கணவருக்கு ஏழு வரி: சந்தேகக் குணம், தாயின் கட்டுப்பாட்டில் இருப்பவர், ஒத்துழைப்பு குறைவு.

அறிக்கையை வைத்து மட்டும் நான் மேற்பார்வை செய்வதில்லை. அமெரிக்காவில் குடும்ப சிகிச்சைப் படிப்புகளுக்கு நெடுங்காலம் இருந்த அளவுகோல் 500 மணி நேரம் வாடிக்கையாளர்களோடு வேலை, 100 மணி நேரம் மேற்பார்வை. அந்த நூறில் குறைந்தது பாதி, அமர்வை நேரில் பார்த்தோ பதிவை வைத்தோ நடந்திருக்க வேண்டும். மணிக்கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போகலாம். அந்தப் பாதியை விட்டுவிடக் கூடாது. புதிதாக வருபவர் தான் கவனித்ததைத்தான் எழுதுவார்; கவனிக்காமல் விட்டது எழுத்தில் வராது. வேண்டுமென்று மறைக்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை.

தம்பதி இருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். பதிவை யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும், வேண்டாம் என்று சொன்னாலும் ஆலோசனை நிற்காது என்பது வரை அதில் இருந்தது. கணவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த அமர்வின் பதிவில், தொடங்கிச் சில நிமிடங்களில் கணவர் பேச ஆரம்பிக்கிறார்: "அங்க ஒரு ரூம்ல எட்டு பேரு. ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா தூக்கம் வராது..." ஆலோசகரின் குரல் குறுக்கே வருகிறது: "சரி சார். அக்கா, அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருக்கும்?" கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். மறுபடி "சரி சார்." மூன்றாவது முறை கடன் என்று ஒரு சொல் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அதற்குப் பிறகு அமர்வு முடியும்வரை கேட்டதற்கு மட்டும் பதில். அறிக்கையில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று இருந்தது இதுதான்.

அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, "அவர் என்ன சொல்ல வந்தார்?" என்று கேட்டேன். இளம் ஆலோசகர் இரண்டு முறை திரும்பப் போட்டுக் கேட்டார். "தெரியல மேடம். நான் அவரைப் பேச விடவே இல்ல," என்றார். ஒருவர் அக்கா, இன்னொருவர் சார் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். நான் சுட்டிக்காட்டவில்லை. மேற்பார்வையில் ஒலிப்பதிவின் வேலையே இது: நான் சொல்லியிருந்தால் குறையாகக் கேட்டிருக்கும், அவருடைய காது பிடித்ததால் அது தகவலாக நின்றது.

குடும்ப சிகிச்சையில் நடுநிலை என்றால் யார் பக்கமும் சாயாமல் விறைப்பாக இருப்பது என்றுதான் பலர் படித்துவிட்டு வருகிறார்கள். குடும்ப சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான இவான் போசோர்மெனி-நாகி முன்வைத்தது வேறு. ஒவ்வொருவர் பக்கமும் முறைவைத்து முழுமனதோடு நிற்க வேண்டும். அறையில் இல்லாத மாமியார் பக்கமும், முதல் வகுப்புப் பையன் பக்கமும்கூட. இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். செய்ய வராததற்கு அறியாமை காரணமாக இருப்பது அரிது. இந்தக் கேஸிலும் காரணம் வேறு எங்கோ இருந்தது.

"குழுவில சொல்லாண்டாம் மேடம்"

தனி மேற்பார்வையோடு, மற்ற இளம் ஆலோசகர்களும் சேரும் குழு மேற்பார்வையும் எங்களிடம் உண்டு. ஒருநாள் குழு கூடுவதற்கு முன் அவர் என்னைத் தனியாகப் பிடித்தார். "ஒரு விஷயம் சொல்லணும். ஆனா குழுவில சொல்லாண்டாம்."

இந்த ஆய்வை எழுத முக்கியமான காரணம் இந்த இடம்தான்.

வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரிடம் ஒரு பிள்ளை பயத்தோடு இப்படிக் கேட்கும்போது, "சரி, நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்லத்தான் மனம் வரும். நான் சொன்னது: "சொல்லுங்க, கேக்கேன். கேட்ட பிறகு அதை என்ன செய்யணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். என்னன்னு தெரியாம, யாருக்கும் சொல்லமாட்டேன்னு முன்கூட்டியே வாக்குத் தர முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

மனைவி அவருக்கு இரவில் குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். முதலில் நன்றி சொல்லி, பிறகு அழுது. பிறகு ஒருநாள்: "தங்கச்சி, எனக்க அப்பாவுக்க ஆஸ்பத்திரிச் செலவுக்கு மகளிர் குழுவுல கடன் எடுத்திருக்கேன். அவியளுக்குத் தெரியாது. நீ சொல்லிராத." இரவு பதினொரு மணிக்கு அவர் ஆன்லைனில் இருந்தது தவணைப் பணத்துக்காக. குழுத் தலைவியிடம் அவகாசம் கேட்டுக்கொண்டும், தம்பியிடம் பணம் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

இப்போது பதிவில் கேட்டதை வைத்துப் பாருங்கள். கணவர் சந்தேகப்படும் காரியத்துக்கு விடை ஆலோசகரிடம் இருக்கிறது. அதைச் சொல்லவும் முடியாது. தெரியாததுபோல் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாது. அவர் வாய்திறக்கும்போதெல்லாம் குறுக்கே விழுந்து மனைவி பக்கம் திரும்பியதன் பின்னால் பாரபட்சம் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணின் ரகசியத்தைக் காக்கும் பதற்றமும் இருந்தது. இன்னொரு முன்னோடியான மரே போவென் முக்கோணம் என்று விளக்கியதன் உள்ளே அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருக்கு நடுவிலிருக்கும் பதற்றம் தாங்கமுடியாமல் போகும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பு அந்த மூன்றாவது ஆளாக மாமியார் இருந்தார். இப்போது ஆலோசகர்.

அதே வடிவம் என் அறைக்கும் ஏறிவந்திருந்தது. மனைவி ஆலோசகரிடம் கேட்டதையே ஆலோசகர் என்னிடம் கேட்டார்: உனக்கு மட்டும் சொல்கிறேன், மற்றவருக்குத் தெரியவேண்டாம். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவில் நடப்பது சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் நடுவில் பிரதிபலிக்கும் என்று உளப்பகுப்பாய்வாளர் ஹரோல்ட் சேர்ல்ஸ் 1955இலேயே எழுதியிருக்கிறார். நான் வாக்குக் கொடுத்திருந்தால் அந்த ரகசியத்துக்கு மூன்றாவது காவலாளி கிடைத்திருப்பார். இளம் ஆலோசகருக்கோ அந்தப் பெண்ணிடம் வேறு விதமாகப் பேச ஒரு முன்மாதிரி கிடைத்திருக்காது. நான் அவரிடம் சொன்ன வாக்கியத்தைத்தான், சில சொற்களை மாற்றி, அடுத்த வாரம் அவர் மனைவியிடம் சொன்னார்.

தனித்தனியாகக் கேட்டது

உடனே 'கணவரிடம் சொல்லிவிடுங்கள்' என்று மனைவியைத் தள்ளவில்லை. ஒரு பெண்ணை உண்மை பேசச் சொல்வதற்கு முன், பேசினால் அவளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அடி இருக்கிறதா என்று இதுவரை தனியாகக் கேட்டாயிற்றா என்றேன். கேட்கவில்லை, அவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றார். பார்த்தால் தெரியாது. கணவரின் முன்னால் கேட்டு வரும் பதிலையும் நம்ப முடியாது.

எனவே இருவருக்கும் தனித்தனி அமர்வு. கேள்விகளை முன்கூட்டிப் பேசிப் பார்த்தோம். சண்டை முற்றினால் அடுத்து என்ன நடக்கும்? பயந்து ஒதுங்கிய நேரம் உண்டா? போனையும் பணத்தையும் வெளியே போவதையும் யார் தீர்மானிக்கிறார்கள்? கணவர் கை ஓங்கியதில்லை என்றார் மனைவி. ஒருமுறை போனைப் பிடுங்கி அம்மா முன்னால் வைத்துப் பார்த்தார். அந்த மானக்கேடுதான் இன்னும் ஆறவில்லை. அவருடைய பயம் வேறு: "தாய்வீட்டுக்குப் பணம் கொடுத்தவன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ."

அடி இருந்திருந்தால் சேர்த்துவைத்து நடத்தும் அமர்வுகளை அங்கேயே நிறுத்தியிருப்போம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர், 181 மகளிர் உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவைதான் அப்போதைய வழி. குடும்பத்தை எப்படியாவது சேர்த்துவைத்துவிட வேண்டும் என்ற ஆசை ஊருக்கும் சபைக்கும் இருக்கும். ஆலோசகருக்கு அந்த ஆசை இருந்தால், அடிவாங்குகிற பெண்ணை மறுபடி அதே வீட்டுக்கு அனுப்புவதில் முடியும். இளம் ஆலோசகர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நாங்கள் எதிர்பார்க்காதது கணவரின் தனி அமர்வில் வந்தது. தூக்கமின்மையைப் பற்றி அவரை முதன்முறையாக முழுதாகப் பேசவிட்டார் ஆலோசகர். பசி இல்லை, எடை குறைந்திருக்கிறது, அடுத்த ஒப்பந்தம் உறுதியில்லை, வீட்டுக் கடன் நிற்கிறது. பேச்சோடு பேச்சாக, "நான் போயிட்டா இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்றார். ஆலோசகர் நேராகக் கேட்டார்: "செத்துப்போகணும்னு நினைச்சிருக்கீங்களா?" நினைத்ததுண்டு, எப்படி என்று யோசித்ததில்லை, முயன்றதில்லை என்றார். இந்தக் கேள்வி கேட்டால் இல்லாத எண்ணத்தை மூட்டிவிடுவோம் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. அன்று அவரால் குரல் நடுங்காமல் கேட்க முடிந்தது, மேற்பார்வை அறையில் பல முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்ததால்தான்.

நாங்கள் முன்பே பேசிவைத்தபடி, அதே மணி நேரத்தில் ஆலோசகர் என்னை அழைத்தார். கணவரின் சம்மதத்தோடு அவருடைய அண்ணனுக்குச் சொன்னோம். மறுநாள் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவில் காட்டினார், மருந்து தொடங்கியது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணைக் கைபேசியில் பதிந்து கொடுத்தோம்.

அறிக்கையில் ஏழு வரியாக இருந்தவர் இவர். பதிவைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஏழு வரியையே நானும் நம்பியிருப்பேன்.

ஆலோசகரின் வீட்டு வரைபடம்

மூன்று தலைமுறை உறவுகளை வரைந்து பார்க்கும் ஜீனோகிராமைக் குடும்பங்களுக்கு வரைவதற்கு முன், தன் குடும்பத்துக்கு வரைந்து பார்க்க வேண்டும் என்பது போவென் வழியில் வருகிறவர்களின் பழக்கம். இளம் ஆலோசகரும் வரைந்தார். அவருடைய பள்ளிக்காலம் முழுக்க அப்பா வளைகுடாவில். பணம் அப்பாவுடைய அம்மாவின் கைக்கு வந்தது. தன் தாய்க்கும் ஆச்சிக்கும் நடுவில் கோடு போடும் இடத்தில் பென்சிலை வைத்துவிட்டார். "எங்கம்மைக்குக் கேக்க ஒரு ஆளு இல்ல மேடம்," என்றார்.

இதற்கு மேல் நான் தோண்டவில்லை. அவருடைய மனக்காயத்துக்குச் சிகிச்சை செய்வது மேற்பார்வையாளரின் வேலை ஆகாது. அவருடைய மதிப்பீட்டை எழுதும் கையே அவருடைய அந்தரங்கத்தையும் திறப்பது முறையும் இல்லை. இரண்டு கேள்விதான் கேட்டேன். அம்மாவின் நினைவு அமர்வில் எந்த நிமிடத்தில் வருகிறது? வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது? மீதிக்கு, எங்கள் மையத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சிகிச்சையாளரிடம் போகச் சொன்னேன். போனார்.

இந்தப் புரிதல் வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை. அடுத்த பதிவிலும் அவர் கணவரைக் குறுக்கிட்டார். குறைவாக, ஆனால் குறுக்கிட்டார். மாற்றம் பழக்கத்தால் வந்தது. பயிற்சியில் அவரைக் கணவரின் நாற்காலியில் உட்காரவைத்து, குழுவில் இன்னொருவர் ஆலோசகராக நடித்து, மூன்று முறை "சரி சார்" சொன்னார். மூன்றாவது முறை, கணவரின் நாற்காலியில் இருந்த இவர் தானாகவே கைகட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். அன்றைக்குப் பிறகுதான் பதிவில் குறுக்கீடு நின்றது.

அறைக்குள் நான்

அமர்வை வெளியிலிருந்து பார்க்க ஒருபக்கக் கண்ணாடி பொருத்திய அறை எங்களிடம் கிடையாது. தம்பதியின் சம்மதத்தோடு ஒரு அமர்வில் நான் மூலையில் உட்கார்ந்தேன். நார்வேயின் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1987இல் எழுதிய முறையைத் தழுவி, நடுவில் கொஞ்ச நேரம் நானும் ஆலோசகரும் அவர்கள் முன்னாலேயே, அவர்களைப் பார்க்காமல், கேட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். "இவர் பணம் அனுப்புறதுலதான் பாசத்தைக் காட்டப் பாக்கிறார்னு தோணுது, அது அவங்க கைக்கு வராம நின்னுபோகுது," என்றார் ஆலோசகர். பிறகு அவர்களைப் பேச விட்டோம். மனைவி அழுதார். கணவர், "இத்தன நாளு இங்க வந்தா கோர்ட்டுல நிக்கது போலதான் இருந்து," என்றார். இருவரையும் எப்படிக் கூப்பிடலாம் என்று ஆலோசகர் அப்போதுதான் கேட்டார். அண்ணன் என்றே கூப்பிடலாம் என்றார் கணவர்.

கடனை மனைவி தானே சொன்னார், அதற்கடுத்த அமர்வில். கணவருக்குக் கடனைவிட வேறொன்றுதான் சுட்டது: "இந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." இதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. ஆலோசகர் சொன்னார்: "ஆமா அண்ணா, எனக்குத் தெரியும். உங்களுக்கு அது நியாயமா இருக்கல." விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. நானாக இருந்தால் இரண்டு வாக்கியம் கூட்டிச் சொல்லியிருப்பேன். அவர் நிறுத்திய இடம்தான் சரி. கணவர் அடுத்த அமர்வுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தார்.

அதிலிருந்து முதல் அமர்விலேயே சொல்லவேண்டியதை எழுதி வைத்துக்கொண்டோம். ஒருவர் மட்டும் தனியாகச் சொல்லும் விஷயம் இருவரின் உறவைத் தொடுவதாக இருந்தால், அதை இருவர் முன்னும் கொண்டுவர உதவுவோம். காலவரையின்றி மறைத்து வைத்திருக்க மாட்டோம். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதற்கு வேறு விதி. செய்திகள் மையத்தின் எண்ணுக்கு மட்டும், பகலில் மட்டும்.

மாமியாரோடு ஒரே ஒரு அமர்வு நடந்தது. கொத்தனாருக்கும் கம்பிக்கும் கொடுக்க வேண்டியிருந்ததால்தான் பணம் அவர் கணக்குக்கு வந்தது. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றார். "எனக்க கையில பாஸ்புக்கு இல்லேன்னா என்னை யாரு மக்ளே கேப்பா?" என்றும் சொன்னார். வீட்டுச் செலவுக்கான தொகை இப்போது மருமகள் கணக்குக்குத் தனியாக வருகிறது.

இடையில் ஒரு இடைஞ்சல். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது, "ஒங்க மோளுதானே அந்தக் கேஸ் பாக்குது?" என்று ஆலோசகரின் தாயிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவியின் சித்தி வழி உறவு. தாய்க்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. தெரியாது என்றே சொன்னார். ஆலோசகர் இதைத் தம்பதியிடம் மறைக்காமல் சொன்னார், தொடரலாமா என்று கேட்டார். தொடரச் சொன்னார்கள். குழு மேற்பார்வையில் ஊரும் சபையும் தொழிலும் மாற்றிச் சொல்வது அன்றிலிருந்து எங்கள் கட்டாய விதி. கேட்பவர்களும் இதே மாவட்டத்துக்காரர்கள்.

இப்போதைய நிலை

மனைவி கணவர் வீட்டுக்குத் திரும்பினார். கணவர் விடுப்பை நீட்டி, மருந்தைத் தொடர்ந்து, மருத்துவர் சொன்ன பிறகே பயணம் போனார். அங்கிருந்து வீடியோவில் அமர்வுகள் நடந்தன. இந்திய நேரம் இரவு ஒன்பதரைக்கு ஒரு அழைப்பு, மற்ற நேரத்தில் ஆன்லைன் பார்த்துக் கணக்குக் கேட்பதில்லை என்பது அவர்களே போட்ட ஏற்பாடு. இரண்டு முறை மீறப்பட்டது. இரண்டையும் அமர்வில் பேசினார்கள். நகை அடகிலேயே இருக்கிறது. வீடு லிண்டல் மட்டத்தைத் தாண்டவில்லை.

இளம் ஆலோசகரின் அறிக்கைகளில் கணவன்மாருக்கான இடம் கூடியிருக்கிறது. வேறொரு கேஸில் மாமனார் பக்கம் சாய்வதைப் பதிவிலிருந்து தானே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். குரல்செய்தி வந்தால் இன்னும் அவருக்குப் படபடப்பு வருகிறது என்கிறார். அது எங்கள் மேற்பார்வைத் திட்டத்தில் அடுத்த வேலையாக எழுதப்பட்டிருக்கிறது.

கடைசி அமர்வில் மனைவி ஒன்று கேட்டார்: இனித் தனக்காக மட்டும், இதே ஆலோசகரிடம் தொடர்ந்து வரலாமா? இளம் ஆலோசகருக்கு ஆம் என்று சொல்லத்தான் ஆசை. பதில் சொல்லாமல் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தார். தம்பதியாக மீண்டும் வர நேர்ந்தால் கணவருக்கு இந்த அறையில் இடம் இருக்குமா என்று பேசினோம். அந்தக் கேள்வியை வைத்து அவரே முடிவெடுத்தார். மனைவிக்குத் தக்கலையில் இருக்கும் வேறொரு ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்.

"முதல்ல இருந்து எல்லாத்தையும் வேற ஆளுகிட்ட சொல்லணுமா தங்கச்சி?"

"ஆமா அக்கா. இந்தத் தடவை உங்க கதையை மட்டும் சொன்னாப் போதும்."